சின்னஞ்சிறு பக்கிளும் சுங்க இலக்கமும்

புறக்கோட்டையில் கைக்கடிகார உதிரிப்பாகங்கள் விற்பவன் நான். சில வருடங்களுக்கு முன்னர் பெருநாள் வியாபாரத்தை எண்ணி ஹொங்கொங்கிலிருந்து ஒரு சிறு பொதி வரவழைத்தேன். தோல் பட்டிகள், உருக்குப் பட்டிகள், அவற்றின் கண்ணிகள், பக்கிள்கள், பட்டியைக் கடிகாரத்தோடு பிணைக்கும் ஸ்பிரிங் ஊசிகள். எல்லாம் சேர்த்து ஓர் ஆள் தோளில் சுமக்கும் பாரம்தான்.

அனுப்பியவர் இன்வொய்ஸில் 'கைக்கடிகாரப் பாகங்கள்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். நானும் சுங்கப் பிரகடனத்தில் அதையே போடச் சொன்னேன். பெட்டியைத் திறந்த அதிகாரி, "இது கடிகாரப் பாகமல்ல, பட்டி. இது பட்டியுமல்ல, பக்கிள்" என்று குவியல் குவியலாகப் பிரித்துவிட்டார். பட்டியலைத் திருத்தி, குறைந்த தீர்வையைக் கட்டிப் பொதியை வெளியே எடுத்தபோது பெருநாள் முடிந்து ஒரு கிழமை. களஞ்சிய வாடகையும் என் தலையில். பிழை என்னுடையதே என்பதால் யாரையும் நோக நியாயமில்லை.

"தம்பி, புத்தகத்தைப் பார்க்காமல் சாமான் இறக்கலாமா?" என்று பக்கத்துக் கடை நானா கேட்டார். அதன் பிறகுதான் தீர்வைப் புத்தகத்தைப் புரட்டினேன்.

உலக நாடுகள் பெரும்பாலானவை 1988 முதல் நடைமுறையிலுள்ள இசைவாக்க முறைமையைப் பின்பற்றுகின்றன. இலக்கத்தின் முதல் ஆறு தானங்கள் எங்கும் ஒன்றே. இலங்கையில் அது எட்டுத் தானங்களாக நீள்கிறது.

91ஆம் அத்தியாயம் கடிகாரங்களுக்குரியது. இயந்திரத்தின் பாகங்கள் 9114இல் வரும். பட்டிகளும் அவற்றின் பாகங்களும் 9113. அதிலும் தங்கம், வெள்ளி போன்ற விலையுயர்ந்த உலோகமாயின் 9113.10, சாதாரண உலோகமாயின் 9113.20, தோல், பிளாஸ்டிக், துணி போன்றவையாயின் 9113.90. உருக்குப் பட்டிக்குத் தங்க முலாம் பூசியிருந்தாலும் அது 9113.20தான். மினுமினுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்த அத்தியாயத்தின் முதற்குறிப்பு 'பொதுப் பாவனைப் பாகங்களை' வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே தனியாக வரும் சாதாரண உலோகப் பக்கிள் 8308க்குப் போகிறது. இரும்பு, உருக்குத் திருகாணிகள் 7318க்குப் போகின்றன. அதே பக்கிள் தோல் பட்டியில் பொருத்தப்பட்டு வந்தால் முழுப் பட்டியும் 9113.90. பட்டி கடிகாரத்திலேயே மாட்டப்பட்டு வந்தால் அது கடிகாரத்தோடு சேர்ந்துவிடும். பொருள் ஒன்றே, வந்த விதத்தால் இலக்கம் மாறுகிறது.

ஸ்பிரிங் ஊசிதான் வாதத்துக்குரியது. பெயரில் ஸ்பிரிங் இருந்தாலும் அது இயந்திரத்தை ஓட்டும் சுருளல்ல. மெல்லிய குழாய்க்குள் சுருளை அடக்கிய இணைப்பூசி. பட்டியின் பாகமா, கடிகாரத்தின் பாகமா என்று இரு பக்கமும் பேசலாம். இப்படியான பொருளுக்கு மாதிரியையும் விபரத்தையும் கொடுத்து, சாமான் ஏற்றுவதற்கு முன்பே சுங்கத்திடம் எழுத்துமூலத் தீர்மானம் கேட்பதே புத்தி. 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையும் இத்தகைய முன்கூட்டிய தீர்மானங்களுக்கு இடமளிக்கிறது.

சிறு வியாபாரிகளுக்கு நான் சொல்வது இதுதான். இன்வொய்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி கேளுங்கள். எதனால் செய்யப்பட்டது, எத்தனை, என்ன விலை என்று எழுதச் சொல்லுங்கள். வகை வகையாகத் தனிப் பைகளில் கட்டச் சொல்லுங்கள். முகவரிடம் மாதிரியைக் காட்டுங்கள். பிரகடனத்தில் கையொப்பமிட முன் நீங்களே வாசியுங்கள். பிழையான பிரகடனம் தாமதத்தோடு முடியாமல் தண்டம், பறிமுதல் வரையும் போகலாம்.

இப்போது என் பொதிகளுக்கு ஐந்து வரி இன்வொய்ஸ் வருகிறது. அந்த ஐந்து வரியை எழுதுவிக்க எனக்கு ஒரு பெருநாள் வியாபாரம் செலவாயிற்று. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.