அகலப் பனிச்சறுக்குப் பலகை

அகலப் பனிச்சறுக்குப் பலகை (பவுடர் ஸ்கீ) என்பது புதிதாகப் பெய்து இறுகாமல் கிடக்கும் பொடிப்பனியில் சறுக்குவதற்கான பலகை ஆகும். சாதாரணப் பலகை காலணிக்கு அடியில் 65 முதல் 75 மி.மீ. அகலம் இருக்கும். அகலப் பலகை 100 மி.மீ.க்கு மேல், சில 120 மி.மீ.க்கும் மேல் இருக்கும்.

தமிழில் 'பனி' என்ற ஒரு சொல்லே மார்கழிப் பனியையும் இமயத்தில் விழும் வெண்பனியையும் குறிக்கிறது. கொல்லிமலையில் காண்பது முதல் வகை. ஊட்டியின் உறைபனிகூடப் புல்லின் மேல் மெல்லப் படிவதுதான். சறுக்கும் அளவுக்கு வெண்பனி பெய்யும் இடம் இந்தியாவில் இமயமலையே. அதிலும் பொடிப்பனிக்குப் பெயர்பெற்றது காஷ்மீரின் குல்மார்க். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் கலக்கங்கள் அங்கு சனவரி, பிப்ரவரி மாதங்களில் கனத்த பனியைக் கொட்டுகின்றன.

மிதக்கும் விதம்

புதுப்பனியின் பெரும்பகுதி காற்றே. அதில் ஒருவர் மூழ்குவதும் மிதப்பதும் எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. உடை, கருவிகளோடு 80 கிலோ எடையுள்ளவர் காலணியோடு நின்றால் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 130 கிராம் அழுத்தம் விழும். 180 செ.மீ. நீளமும் சராசரியாக 7 செ.மீ. அகலமும் உள்ள இரு பலகைகளில் நின்றால் அது 32 கிராம், 11.5 செ.மீ. அகலப் பலகைகளில் 19 கிராம் மட்டுமே. சேற்று வயலில் பரம்புப் பலகை மேல் ஆள் ஏறி நின்றாலும் அது புதையாமல் வழுக்கிச் செல்வதும் இதே காரணத்தால்தான்.

ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனம் 1980களின் இறுதியில் இத்தகைய பலகையை உருவாக்கியது. 'தடித்த பலகை' என்று கேலி செய்யப்பட்ட அதை முதலில் விரும்பியவர்கள் கால் தளர்ந்த வயதானவர்களே. பின்னர் அமெரிக்க வீரர் சேன் மெக்கான்கி, நீர்ச்சறுக்குப் பலகைகளை அலாஸ்காவின் பனியில் ஓட்டிப் பார்த்தார். அவரது வடிவமைப்பில் 2002-இல் 'ஸ்பாட்டுலா' வெளிவந்தது. பழைய பலகையின் நடுப்பகுதி வில்போல் மேலெழும்பியிருக்கும். இதில் அதற்கு மாறாக முனையும் வாலும் படகுபோல் மேல்நோக்கி வளைந்திருந்தன. எனவே முனை பனிக்குள் குத்திக்கொள்ளாது. இன்றைய அகலப் பலகைகள் பலவற்றிலும் இந்த வளைவு ஓரளவு உண்டு.

இறுகிய பனியில்

உருளை ஓட்டிச் சமன்செய்த தடத்தில் இதே பலகை தொல்லை தரும். அங்கு திரும்புவதற்கு எஃகு விளிம்பைச் சாய்த்துப் பதிக்க வேண்டும். 70 மி.மீ. பலகையில் விளிம்பு காலின் நடுக்கோட்டிலிருந்து 35 மி.மீ. தள்ளியிருக்கிறது, 115 மி.மீ. பலகையில் 57 மி.மீ.க்கு மேல். நெம்புகோல் நீள்வதால் சாய்க்கக் கூடுதல் விசையும் நேரமும் வேண்டும். சுமை முழங்காலில் ஏறும். கற்றுக்கொள்பவர் குறுகிய பலகையில் தொடங்குவதே நல்லது.

சரிவும் பனிச்சரிவும்

ஆழ்ந்த பொடிப்பனி வேகத்தைத் தின்றுவிடும். மிதவை கிடைக்க ஓரளவு வேகம் தேவை. அதனால் மென்சரிவில் அகலப் பலகையும் தேங்கி நின்றுவிடும். நன்றாக ஓடுவது 30 பாகைக்கு மேற்பட்ட செங்குத்தான சரிவில். பலகைப் பாளமாகப் பனி பிளந்து சரியும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் நிகழ்வதும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில்தான்.

குல்மார்க்கில் இது வெறும் கணக்கு அல்ல. 1998-இல் தொடங்கிய கம்பிவட ஊர்தி, 2005-இல் இரண்டாம் கட்டமாக அபர்வத் மலைக்கு நீட்டிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் இறங்குபவர் சில நிமிடங்களில் கண்காணிப்பில்லாத சரிவுகளை அடைந்துவிடலாம். முன்பு தேர்ந்தவர்களால் மட்டுமே இறங்க முடிந்த ஆழ்பனியில் அகலப் பலகை நடுத்தரத் திறனுடையோரையும் இறக்கிவிடுகிறது. ஆனால் காலுக்கு அடியிலுள்ள பனியடுக்கு உறுதியானதா என்பதை அது காட்டாது. 2023 பிப்ரவரியில் அபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் குல்மார்க்கின் மேற்சரிவில் உருசிய நாட்டவர் ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி இறந்தனர்.

புதைந்தவரைத் தேட ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். புதைந்த முதல் 15 நிமிடங்களுக்குப் பின் உயிர்பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைவதால், மீட்புக்குழுவைவிட உடன் சறுக்குபவரே முதலில் உதவ முடியும்.