நேசிப்பதும் மதிப்பதும்



யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் அவருடைய முதுமையைப் பற்றிப் பேசுகிறார். இளமையில் நீயே இடையைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதுமையில் வேறொருவர் உன்னைக் கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிப்போவார் என்பது அதன் கருத்து. பேதுருவின் சாவைக் குறித்தே ஆண்டவர் இப்படிச் சொன்னதாக நற்செய்தியாளர் விளக்குகிறார். ஆனால் மறதி நோய் கண்ட கணவரையோ மனைவியையோ முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுத் தனியே வீடு திரும்பியவருக்கு இந்த வார்த்தை வேறு விதமாகவும் சுடும். அந்த 'வேறொருவர்' தாமே என்று அவருக்குத் தெரியும்.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய், வயதானால் எல்லாருக்கும் வருகிற சாதாரண மறதி அல்ல. மூளையின் செல்கள் சேதமடைவதால் ஞாபகம், பேச்சு, இடம் காலம் அறிதல், முடிவெடுக்கும் திறன் ஆகியவை படிப்படியாகக் குறைகின்றன. இதில் அதிகம் காணப்படுவது, 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் விவரித்த நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளார்கள்.

ஆனால் எல்லாத் திறனும் ஒரே நாளில் போய்விடுவதில்லை. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவர் ஜெபமாலையைத் தடுமாறாமல் சொல்லுவார். பணத்தை எண்ணத் தெரியாதவருக்கு எந்தச் சேலையை உடுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

இங்கேதான் சிக்கல். விழுந்துவிடுவாரோ என்று பயந்து நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம். பாதுகாப்பு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நடக்காத கால்கள் விரைவில் வலுவிழக்கும். படுக்கைப் புண் வரும். கலக்கமும் கோபமும் கூடும். கட்டிலின் பக்கக் கம்பியைத் தாண்டி இறங்க முயல்கிறவர் அதிக உயரத்திலிருந்து விழுவார். அதற்காக எல்லாக் கதவையும் திறந்துவிடச் சொல்லவில்லை. பேருந்து ஓடும் சாலைக்குப் போய்விட்டால் திரும்பத் தெரியாதவருக்கு வாசலில் பூட்டு வேண்டும். மாத்திரைகளை வேறொருவர் கையில் வைத்துக் கொடுக்கத்தான் வேண்டும்.

எங்கே கோடு போடுவது? திருமணத்தன்று பீடத்தின் முன் நாம் கொடுத்த வாக்குறுதியை நினைத்துப் பாருங்கள். உடல்நலத்திலும் நோயிலும் துணையை நேசிப்பதாக மட்டும் நாம் சொல்லவில்லை, மதிப்பதாகவும் சொன்னோம். நேசம், "இவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது" என்கிறது. மதிப்பு, "இவருடைய விருப்பம் என்ன?" என்று கேட்கிறது. இரண்டையும் சேர்த்துத் தீர்மானிப்பதே விவேகம் என்னும் தலையாய நற்பண்பு. தந்தையின் அறிவு மங்கினாலும் அவரை இகழக் கூடாது என்று சீராக் நூல் மகனுக்குச் சொல்வது (3:13) கணவன் மனைவிக்கு இன்னும் பொருந்தும்.

நடைமுறையில் மூன்று கேள்விகள் உதவும். ஆபத்து எவ்வளவு பெரியது? அதைத் தடுத்தால் இவர் எதை இழப்பார்? முற்றிலும் தடுக்காமல் அதைக் குறைக்க வழி உண்டா?

மணி அடித்ததும் இல்லத்தின் சிற்றாலயத்துக்குத் தானே எழுந்து நடக்கும் மனைவியை எடுத்துக்கொள்வோம். வழியில் இரண்டு படிகள். விழ வாய்ப்புண்டு. ஆனால் அந்த நடை, ஒரு நாளில் அவர் தாமாகச் செய்யும் ஒரே காரியமாக இருக்கலாம். படியோரம் கைப்பிடி, வழுக்காத செருப்பு, நல்ல வெளிச்சம், இரண்டடி பின்னால் வரும் பணியாளர். இவற்றால் ஆபத்து குறையும், நடையும் நிற்காது. சோறு சிந்துவது வேறு விஷயம். அது ஆபத்தே அல்ல, தாமே உண்ணட்டும். விழுங்கும்போது புரையேறினால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முடிவைத் தனியாகச் சுமக்க வேண்டாம். இல்லத்துச் சகோதரிகள், மருத்துவர், பிள்ளைகள் எல்லாரும் கூடிப் பேசுங்கள். தூரத்திலிருக்கும் பிள்ளைகளுக்குப் பயம் அதிகம், அவர்களுக்கும் பொறுமையாக விளக்குங்கள். உங்கள் துணையின் பழக்கங்களையும் பிடித்தவற்றையும் எழுதிக் கொடுங்கள், அவரை முழுவதும் அறிந்தவர் நீங்கள்தான். அவரிடமும் கேளுங்கள். "என்ன வேண்டும்?" என்பதைவிட, "இதுவா, அதுவா?" என்று காட்டிக் கேட்டால் பதில் வரும். நோய் கூடக்கூட முடிவுகளும் மாறும். எனவே சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் கூடிப் பேசுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் அவர் விழலாம். அப்போது, "நான் கட்டிவைக்கச் சொல்லியிருந்தால்..." என்று உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். நடக்கக்கூடிய எல்லாத் தீங்கையும் தடுத்துவிடும்படி கடவுள் நம்மிடம் கேட்கவில்லை. உண்மையான அக்கறையோடு தீர்மானித்தீர்களா என்றே கேட்கிறார்.

அன்பியத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இப்படித் துணையைப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தால், வாரம் இரண்டு மணி நேரம் அவருக்கு ஓய்வு கிடைக்க உதவுங்கள். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பேதுருவிடம் முதுமையைப் பற்றிச் சொன்ன ஆண்டவர், அடுத்ததாக, "என்னைப் பின்தொடர்" என்றார். பிறர் கையைப் பிடித்து நடக்க வேண்டிய காலத்திலும் அந்த அழைப்பு தொடர்கிறது. மறந்துபோனவர்களையும், அவர்களை மறவாதிருப்பவர்களையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.