எருமையும் எரிவாயுவும்

ஊத்துக்குளி என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ்நாட்டில் பலருக்கும் வெண்ணெய்தான் நினைவுக்கு வரும். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த இவ்வூர், எருமைத் தயிரைக் கடைந்தெடுத்த வெண்ணெயினாலும் அதை உருக்கிய நெய்யினாலும் பெயர் பெற்றது. மழை குறைந்த மேட்டு நிலத்தில், சோளத்தட்டையும் பருத்திக்கொட்டையையும் தின்று எருமை தந்த செல்வம் அது. அந்த எருமையின்மீதும் அதன் இனத்தைச் சேர்ந்த எல்லாக் கால்நடைகளின்மீதும் இந்நாளில் உலக அவைகளில் ஒரு குற்றம் சாட்டப்படுகிறது. அவை விடும் ஏப்பம் பூமியைச் சூடாக்குகிறது என்பதே அக்குற்றச்சாட்டு. கேட்டவுடன் நகைக்கத் தோன்றும். ஆயினும் இதில் உண்மை உண்டு. அவ்வுண்மை எவ்வளவு, அதற்கு ஏழை நாட்டு உழவன் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆராய்வோம்.

மீத்தேன் என்பது கரியணு ஒன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் நான்கும் கூடிய ஓர் எரிவாயு. இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1776-ஆம் ஆண்டில் மாஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, அதினின்று குமிழியிட்டு வந்த வாயுவைப் பிடித்து ஆராய்ந்தார். காற்றுப் புகாத இடத்தில் தாவரப் பொருள் மட்கும்போது, சில நுண்ணுயிர்கள் இவ்வாயுவை உண்டாக்குகின்றன. குளத்துச் சேறு அத்தகைய இடம். நீர் தேங்கிய நெல்வயலும் அத்தகையதே. அசைபோடும் விலங்கின் பெரிய இரைப்பையும் அத்தகையதே. வைக்கோலையும் தட்டையும் நம்மால் செரிக்க இயலாது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. அவ்வேலையின்போது பிறக்கும் ஹைட்ரஜனை வேறொரு வகை நுண்ணுயிர்கள் மீத்தேனாக்குகின்றன. அது பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது இருபத்தேழு மடங்களவுக்குக் குறைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் இருந்த மீத்தேனைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இன்று இருக்கிறது. மனிதர் செயலால் வெளிப்படும் மீத்தேனில் நூற்றுக்கு நாற்பது பங்கு வேளாண்மையைச் சார்ந்தது. அதிலும் முப்பத்திரண்டு பங்கு கால்நடைகளுடையது, எட்டுப் பங்கு நெல்வயல்களுடையது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2021-இல் கணக்கிட்டுக் கூறியது. நல்வாய்ப்பாக, இவ்வாயு காற்றில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே தங்குகிறது. ஆகவே இதைக் குறைத்தால் அதன் பயனை நம் தலைமுறையிலேயே காணலாம்.

அப்படியானால் மாட்டைக் குறைத்துவிடலாமே, வேண்டிய பாலை அயல்நாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு விடை காண்பதற்கு முன், கணக்கு எழுதும் முறையைச் சற்றே அறிதல் வேண்டும். ஒரு நாட்டின் எல்லைக்குள் வெளிப்படும் வாயுவே அந்நாட்டின் கணக்கில் ஏறுகிறது. இலங்கை தனக்கு வேண்டிய பால்பொருள்களில் பெரும்பகுதியைப் பால்மாவாக இறக்குமதி செய்கிறது. அதில் மிகுதியும் நியூசிலாந்திலிருந்து வருகிறது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் அருந்தும் தேநீரில் கலந்த பாலுக்குரிய மீத்தேன் நியூசிலாந்தின் ஏட்டில் பதிவாகிறது. அந்நாட்டின் மொத்த வெப்ப வாயுக்களில் ஏறத்தாழப் பாதி வேளாண்மையினுடையது. இறக்குமதி செய்யும் நாட்டின் ஏடு தூய்மையாகத் தோன்றலாம். வானத்துக்கோ இரண்டு ஏடுகளும் ஒன்றே.

இறக்குமதியையே நம்பியிருக்கும் நாட்டுக்கு வேறோர் இடரும் உண்டு. 2021-இலும் 2022-இலும் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றியபோது, பால்மாவுக்காக மக்கள் கடைவாயில்களில் வரிசையில் நின்றனர். 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்ததால் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அரிசியையும் வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. நமக்கும் இது புதிதன்று. 1966-இல் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் உணவு தானியத்தை இறக்குமதி செய்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் துறைமுகத்தை அடைந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை அது. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம் கொங்கு நாட்டைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். அந்நிலை மீண்டும் வரக்கூடாது என்பதே அன்று தொடங்கிய விளைச்சல் பெருக்கத்தின் நோக்கம். பாலிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி, ஐரோப்பிய நாடுகள் நன்கொடையாகத் தந்த பால்மாவையும் வெண்ணெய் எண்ணெயையும் விற்றுக் கிடைத்த பணத்தைக்கொண்டே நடைபெற்றது. அவ்வாண்டுகளில் இரண்டேகால் கோடி டன் அளவில் இருந்த நம் ஆண்டுப் பால் உற்பத்தி, 2023–24-இல் ஏறத்தாழ இருபத்து நான்கு கோடி டன் ஆயிற்று.

எனினும், நம் மாடுகள் குற்றமற்றவை என்று சொல்லி அமைந்துவிட இயலாது. நாடுகள் தம் கணக்கை எழுதுவதற்காகப் பன்னாட்டுப் பருவநிலைக் குழு 2006-இல் ஒரு நெறிமுறை வகுத்தது. அதன்படி இந்தியக் கறவைப்பசு ஓராண்டில் 58 கிலோ மீத்தேனை விடுகிறது. வட அமெரிக்கக் கறவைப்பசு 128 கிலோ விடுகிறது. இதுவரை கேட்டால் நம் பசுவே சாது. ஆனால் அந்நெறிமுறையில் நம் பசுவுக்குக் கொள்ளப்பட்ட ஆண்டுப் பால் 900 கிலோ. அமெரிக்கப் பசுவுக்கோ 8,400 கிலோ. வகுத்துப் பார்த்தால், ஒரு கிலோ பாலுக்கு அங்கே 15 கிராம் மீத்தேன், இங்கே 64 கிராம். நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது. நம் மாடு சாணமும் தருகிறது, உழவும் உழுகிறது, மனிதர் உண்ணாத வைக்கோலைத் தின்கிறது என்பவை உண்மையே. எருமைப்பாலில் கொழுப்பு மிகுதி என்பதும் உண்மையே. அவற்றையெல்லாம் கழித்தாலும், மெலிந்த தீவனத்தைத் தின்று சிறிதே கறக்கும் மாடு, பாலுக்கேற்ற அளவில் மிகுதியான வாயுவை விடுகிறது என்ற உண்மை எஞ்சி நிற்கிறது.

உழவர்கள் மனத்தில் இருத்தவேண்டிய செய்தி இங்கேதான் உள்ளது. மீத்தேனாகப் போவது அவர்கள் காசு கொடுத்து வாங்கிய தீவனமே. மாடு உண்ணும் தீவனத்திலுள்ள ஆற்றலில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவு இவ்வாறு ஏப்பமாகக் கழிகிறது. ஆகவே வாயுவைக் குறைக்கும் வழியும் பாலைப் பெருக்கும் வழியும் பெரும்பாலும் ஒன்றாகவே செல்கின்றன. வெறுந்தட்டைமட்டும் போடாமல், அதை நறுக்கிப் பசுந்தீவனத்தோடும் பயறுவகைத் தழையோடும் தாது உப்போடும் கலந்து இடுவது முதல் வழி. எண்ணெய்ச்சத்து உள்ள பருத்திக்கொட்டையை அளவோடு கொடுத்தால் பாலில் வெண்ணெய் மிகும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். தீவனத்தில் அளவான எண்ணெய்ச்சத்து மீத்தேனையும் ஓரளவு குறைக்கிறது என்று இன்றைய ஆராய்ச்சி கூறுகிறது. காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லுக்கிடையே வளரும் வெள்வேல மரங்களின் காய்களை ஆடுமாடுகள் விரும்பித் தின்பதைக் காணலாம். அத்தகைய காய்களிலும் தழைகளிலும் உள்ள துவர்ப்புப் பொருள் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அடக்கவல்லது. அத்துவர்ப்புள்ள தாவரங்களைக்கொண்டே பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டவியல் ஆராய்ச்சி நிலையம் ‘ஹரித் தாரா’ என்னும் தீவனச் சேர்க்கையை 2021-இல் வெளியிட்டது. அது மீத்தேனை நூற்றுக்குப் பதினேழு முதல் இருபது பங்குவரை குறைப்பதாக அந்நிலையம் தெரிவித்தது.

நெல்வயலுக்கும் பழைய வழியொன்று துணை செய்கிறது. நீரைக் கட்டியே வைக்காமல், நிலம் மயிர்வெடிப்புக் காணும்வரை காயவிட்டு மீண்டும் பாய்ச்சும் முறையை நம் உழவர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பர். நிலம் காயும்போது மண்ணுக்குள் காற்றுப் புகுகிறது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்குகின்றன. பருவத்தில் பலமுறை இவ்வாறு காயவிடும் வயலில் மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும், நீரும் மிஞ்சும். சாணத்தின் செய்தியும் இதைப்போன்றதே. உலர்ந்த சாணத்தில் இவ்வாயு சிறிதே எழும். குழியில் நீரோடு தேங்கிக் குழம்பான சாணத்தில் மிகுதியாக எழும். அதையே மூடிய கலத்தில் இட்டு வாயுவைப் பிடித்தால் அடுப்பெரிக்கலாம். எஞ்சிய கழிவு நல்ல எருவாகும்.

2021-ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் மீத்தேனை நூற்றுக்கு முப்பது பங்கு குறைப்பதென்ற உறுதிமொழியைப் பல நாடுகள் ஏற்றன. இந்தியா அதில் சேரவில்லை. சிறு உழவரின் பிழைப்பும் மக்களின் உணவும் கெடக்கூடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அக்காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அதைச் சொல்லிவிட்டுக் கைகட்டி இருப்பதும் தகாது. தமிழ்நாட்டில் 2012-இல் ஏறத்தாழ ஏழே முக்கால் இலட்சமாக இருந்த எருமைகள், 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்தேகால் இலட்சமாகச் சுருங்கின. எவரும் ஆணையிட்டு அவற்றைக் குறைக்கவில்லை. மேய்ச்சல் நிலம் குறைந்தது. தீவன விலை ஏறியது. எங்கள் பக்கத்தில் மாடு மேய்க்க வேண்டிய இளைஞர் பனியன் ஆலைக்குப் போயினர். எருமை குறைந்ததற்காக மக்கள் பால் அருந்துவதை விடவில்லை. அப்பால் வேறெங்கோ, வேறொரு மாட்டிலிருந்து வருகிறது; அந்த மாடும் ஏப்பம் விடத்தான் செய்கிறது.

ஆதலால் எத்தனை மாடுகள் என்று மட்டும் கேட்பதால் பயனில்லை. ஒவ்வொரு படி பாலுக்கும், ஒவ்வொரு மூட்டை நெல்லுக்கும் எவ்வளவு வாயு என்று கேட்டல் வேண்டும். அந்த அளவைக் குறைக்கத் தேவையான நல்ல தீவனமும், மருத்துவரும், சாண எரிவாயுக் கலமும் சிறு உழவனின் கட்டுத்தறிவரை வந்து சேருமாறு செய்வது அரசின் கடமை. வந்தவற்றை முறையாகப் பயன்கொள்வது உழவனின் கடமை. இவ்விரண்டும் கூடுமாயின், தன் உணவுக்குப் பிறர் கப்பலை எதிர்பாராத நாடு வானத்துக்கும் தீங்கு குறைத்ததாகும்.