நண்பருக்கு லினக்ஸ்... பளபள டெஸ்க்டாப்களில் எதைப் போட்டுக் கொடுக்கலாம்?

“உன் ஸ்கிரீன் மட்டும் எப்படி இவ்வளவு ஸ்டைலா இருக்கு? எனக்கும் இதே மாதிரி போட்டுக் கொடு!” லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் நண்பர்களிடம் ஒருமுறையாவது இப்படிக் கேட்டிருப்பார்கள். விண்டோவைப் பிடித்து இழுத்தால் ஜெல்லி போல ஆடுகிறது. இரண்டு விசைகளைத் தட்டினால் திரையே கனசதுரமாகச் சுழல்கிறது. பார்ப்பவருக்கு ஆசை வராமல் இருக்குமா?

இப்போது ஆசையோடு அவசியமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம். 2.0 வசதி வேண்டும். இன்டெல் புராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ லேப்டாப்கள் இந்த நிபந்தனையில் அடிபட்டுப்போகின்றன. அவற்றைப் பழைய விலைக்குத் தள்ளாமல் காப்பாற்றும் வழிகளில் ஒன்று, லினக்ஸ்.

ஆனால், உங்களுக்குப் பிடித்ததை உங்கள் லேப்டாப்பில் போட்டுக்கொள்வது வேறு. இன்னொருவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது வேறு. அவருடைய புகைப்படங்களும், சான்றிதழ்களும், அலுவலக வேலையும் அந்த மெஷினில்தான் இருக்கின்றன. பளபளப்பும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். அதற்கு என்ன செய்யலாம்?

இன்ஜின் ஒன்று, பாடி பல!

விண்டோஸில் திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை மைக்ரோசாஃப்ட் முடிவுசெய்கிறது. லினக்ஸில் அப்படி இல்லை. ஒரே சேஸிஸ் மீது விதவிதமாக பஸ் பாடி கட்டுவதுபோல, ஒரே லினக்ஸ் மீது வெவ்வேறு ‘டெஸ்க்டாப் என்விரான்மென்ட்’களைப் பொருத்தலாம். மெனு, டாஸ்க்பார், ஐகான், அனிமேஷன் எல்லாம் இதில்தான் அடங்கும். லினக்ஸோடு டெஸ்க்டாப்பையும் மற்ற மென்பொருள்களையும் சேர்த்து, நிறுவத் தயாரான பேக்கேஜாகத் தருவதைத்தான் ‘டிஸ்ட்ரோ’ என்கிறார்கள். உபுன்டு, ஃபெடோரா, லினக்ஸ் மின்ட் எல்லாம் டிஸ்ட்ரோக்கள்.

கே.டி.இ. பிளாஸ்மா: ஜெல்லியும் கனசதுரமும்

கண்ணைக் கவரும் விஷயத்தில் முதலிடம் பிளாஸ்மாவுக்குத்தான். இந்த கே.டி.இ. பிறந்த கதையே நமது தலைப்புக்குப் பொருத்தமானது. 1996 அக்டோபரில் ஜெர்மனியைச் சேர்ந்த மாணவர் மத்தியாஸ் எட்ரிச் இதைத் தொடங்கினார். சாதாரண மக்களும் லினக்ஸை எளிதாகப் பயன்படுத்தலாம் என்று அதுவரை நம்பியிருந்தவர், காதலியின் கம்ப்யூட்டரில் அதை அமைத்துக் கொடுத்தபோதுதான் அந்த நம்பிக்கையை இழந்தாராம். புதிய டெஸ்க்டாப்பை அறிவித்த பதிவில் அவரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

சுழலும் கனசதுரம் 2006-ல் நோவெல் நிறுவனத்தின் டேவிட் ரெவ்மேன் உருவாக்கிய ‘கம்பிஸ்’ மூலம் பிரபலமானது. பிளாஸ்மாவிலும் இருந்த அந்த கனசதுரம் இடையில் காணாமல்போய், 2024 பிப்ரவரியில் வெளியான பிளாஸ்மா 6-ல் மீண்டும் வந்தது. எனவே, நண்பர் கேட்பது அதுதான் என்றால், நீங்கள் எடுக்கும் டிஸ்ட்ரோவில் இருப்பது பிளாஸ்மா 6-ஆ என்று முதலில் பாருங்கள். செட்டிங்ஸில் ‘டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ்’ பகுதியில் ஜெல்லி விண்டோ, கனசதுரம் இரண்டையும் டிக் செய்தால் போதும். நான்கு விர்ச்சுவல் டெஸ்க்டாப்களை உருவாக்கிவிட்டு, விண்டோஸ் விசையோடு சி-யைத் தட்டினால் கனசதுரம் சுழலும்.

கீழே டாஸ்க்பார், இடது ஓரத்தில் மெனு என விண்டோஸ் பழகியவருக்கு அந்நியமாகத் தெரியாது. ஒரே சிக்கல், எதைத் தொட்டாலும் ஒரு செட்டிங் இருக்கும். நோண்டிப்பார்க்கும் நண்பருக்கு இது விருந்து. “எதையோ அமுக்கிட்டேன், டாஸ்க்பாரைக் காணோம்” என்று பதறுகிறவருக்குத் தலைவலி.

க்னோம்: அமைதியான அழகு

1997-ல் மெக்சிகோவின் மிகுவெல் டி இகாஸாவும் ஃபெடெரிகோ மெனாவும் தொடங்கியது க்னோம். உபுன்டுவிலும் ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனிலும் இதுதான் இயல்பாக வரும். ஆப்பிள் மேக் பாணியில் சுத்தமாக, மென்மையான அனிமேஷனோடு இருக்கும்.

இதைப் பளபளப்பாக்க ‘எக்ஸ்டென்ஷன்’களைச் சேர்க்க வேண்டும். க்னோம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. எக்ஸ்டென்ஷனை எழுதியவர் அதற்கேற்ப மாற்றாவிட்டால், அப்டேட்டுக்குப் பிறகு அது வேலை செய்யாமல்போகலாம். உங்களுக்கு அது ஐந்து நிமிட வேலை; நண்பருக்கோ ‘லேப்டாப் கெட்டுப்போச்சு’!

ஸோரின்: நடுவழி

அயர்லாந்தில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய ஸோரின் ஓ.எஸ்., க்னோமை அடிப்படையாகக்கொண்டது. ‘ஸோரின் அப்பியரன்ஸ்’ என்ற ஒரே இடத்தில் விண்டோஸ் போன்ற தோற்றம் உள்ளிட்ட சில அமைப்புகளை க்ளிக்கில் மாற்றலாம். ஜெல்லி விண்டோவும் கனசதுரமும் அங்கேயே உண்டு. தனியாக எதையும் தேடிச் சேர்க்க வேண்டாம். கூடுதல் தோற்றங்கள் கட்டணப் பதிப்பில் வருகின்றன; இலவசப் பதிப்பே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

சினமன்: ஆட்டம் குறைவு, ஆயுள் அதிகம்

லினக்ஸ் மின்ட் தரும் சினமனில் வித்தைகள் குறைவு. ஆனால், விண்டோஸ் 7 காலத்துப் பழக்கத்தோடு வருகிறவர் பத்து நிமிடங்களில் பழகிவிடுவார். 2 ஜி.பி. ரேமில் ஓடும் என்றாலும் 4 ஜி.பி. இருப்பது நல்லது என்கிறது மின்ட். நல்ல வால்பேப்பர், ஒரு டார்க் தீம், புதிய ஐகான்கள் சேர்த்தாலே ஆளே மாறிவிடும். மெஷின் இன்னும் பழசு என்றால், இதைவிட இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பக்கம் போகலாம்.

இவை வேண்டாமே!

ரீல்ஸில் அசத்தும் பல லினக்ஸ் திரைகள் ‘ஹைப்பர்லேண்ட்’ வகையைச் சேர்ந்தவை. அதில் கிட்டத்தட்ட எல்லாமே கீபோர்டு வழிதான். செட்டிங்கை மாற்ற டெக்ஸ்ட் ஃபைலைத் திருத்த வேண்டும். ஆர்வலர்களுக்கு அருமை, முதல்முறை வருபவருக்குச் சுமை. சீனாவின் ‘டீப்பின்’ டெஸ்க்டாப் அழகில் குறைவில்லாதது. ஆனால், பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி ஓப்பன்சூசே 2025 மே மாதத்தில் அதைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது.

தீமில் ஒளிந்திருக்கும் ஆபத்து

2024 மார்ச்சில் நடந்த ஒரு சம்பவத்தை லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கே.டி.இ. ஸ்டோரிலிருந்து ஒருவர் ‘குளோபல் தீம்’ ஒன்றை நிறுவினார். அதிலிருந்த பிழையான கோடு அவருடைய ஃபைல்களை அழித்துவிட்டது. அது வைரஸும் அல்ல, திட்டமிட்ட தாக்குதலும் அல்ல. வெறும் அலங்காரம் என்று நாம் நினைக்கும் தீமுக்குள்ளும் இயங்கக்கூடிய கோடு இருக்கலாம் என்பதுதான் பிரச்னை. கே.டி.இ. தரப்பே பயனாளர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

எனவே, நண்பரின் லேப்டாப்பில் டெஸ்க்டாப்போடு கூடவே வரும் எஃபெக்ட்களையும் தீம்களையும் மட்டும் பயன்படுத்துங்கள். வால்பேப்பர் எத்தனை வேண்டுமானாலும் மாற்றலாம், அது வெறும் படம்தான். மூன்றாம் நபர்களின் தீமையும் எக்ஸ்டென்ஷனையும் சோதித்துப்பார்க்கும் இடம் உங்கள் லேப்டாப்பாக இருக்கட்டும்.

நிறுவும் முன் கேளுங்கள்...

* என்ன வேலைக்கு? பிரவுசர், யூடியூப், கடிதம், எக்செல் போன்ற கணக்குகளுக்குச் சிக்கல் இல்லை. ஃபோட்டோஷாப்பும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் லினக்ஸுக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை. வேலொரன்ட் போன்ற கேம்களும் ஓடாது. இவை இல்லாமல் முடியாது என்றால், இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

* ரேம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. இருக்கிறதா? 4 ஜி.பி. என்றால் சினமன் அல்லது எக்ஸ்.எஃப்.சி.இ.; 8 ஜி.பி. என்றால் பிளாஸ்மா, ஸோரின் எல்லாம் தாராளம். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் எந்த டெஸ்க்டாப்பும் சுறுசுறுப்பாகும்.

* தமிழில் டைப் செய்வாரா? தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, அவர் கையாலேயே ஒரு வரி அடிக்கச் சொல்லுங்கள்.

பென்டிரைவில் பெண் பார்க்கும் படலம்!

8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் ‘வென்டாய்’ போன்ற மென்பொருள் மூலம் டிஸ்ட்ரோவை ஏற்றினால், எதையும் நிறுவாமலேயே லேப்டாப்பில் ஓட்டிப்பார்க்கலாம். இதுதான் ‘லைவ்’ முறை. இன்னும் பெரிய பென்டிரைவ் என்றால் இரண்டு மூன்று டிஸ்ட்ரோக்களைக்கூட ஒன்றாக ஏற்றலாம். நண்பரிடமே கொடுத்து அரை மணி நேரம் பயன்படுத்தச் சொல்லுங்கள். வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, பிரின்டர் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத் தெரியும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிடித்திருந்தால், அவருடைய ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அது திறக்கிறதா என்று சரிபார்த்த பிறகே நிறுவ ஆரம்பியுங்கள். நிறுவி முடித்ததும், லினக்ஸ் மின்ட்டில் கூடவே வரும் ‘டைம்ஷிஃப்ட்’டை ஆன் செய்யுங்கள். அப்டேட்டில் ஏதாவது சொதப்பினால் சிஸ்டத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். மற்ற டிஸ்ட்ரோக்களிலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், இது சிஸ்டத்துக்கான பாதுகாப்புதான். புகைப்படங்களுக்குத் தனி பேக்கப் அவசியம்.

நண்பர் ஆர்வத்தோடு நோண்டுகிறவர், மெஷினிலும் தெம்பு இருக்கிறது என்றால் பிளாஸ்மா. அழகும் வேண்டும், தொல்லையும் கூடாது என்றால் ஸோரின். லேப்டாப் பழசு அல்லது அப்பா, அம்மாவும் அதைத்தான் பயன்படுத்துவார்கள் என்றால் மின்ட். கனசதுரத்தைச் சுழற்றும் சுவாரஸ்யம் முதல் வாரத்தோடு குறைந்துவிடும். பிரின்ட் எடுக்கவும், பென்டிரைவைத் திறக்கவும் உங்களுக்கு போன் செய்யாமலேயே அவரால் முடிகிறதா என்பதுதான் அதற்குப் பிறகும் முக்கியம்.