இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகும் மாத்திரை எதற்கு? பலூன் முதல் மருந்து பூசிய வலை வரை – விரிவான விளக்கம்

"ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சாச்சு. அடைப்பு போயிடுச்சு. இப்போ நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை?"

ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் பலர் சில மாதங்களில் கேட்கும் கேள்வி இது. சிலர் கேட்பதோடு நிற்பதில்லை. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியும் விடுகிறார்கள். இதய மருத்துவர்கள் மிகவும் பயப்படும் விஷயங்களில் ஒன்று இதுதான்.

ஏன் இந்தப் பயம்? அந்தச் சின்ன வலைக்குழாய் எப்படிச் செய்யப்படுகிறது, உள்ளே போய் என்ன செய்கிறது என்பது தெரிந்தால் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

ஸ்டென்ட் கொழுப்பை வெளியே எடுத்துவிடுமா?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி ரத்தக் குழாய்களின் உள்விட்டம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதன் சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதை குறுகிப்போவதைத்தான் அடைப்பு என்கிறோம்.

வீட்டுக் குழாயில் அடைத்துக்கொண்ட அழுக்கைக் குத்தி எடுப்பது போல, ஸ்டென்ட் வைக்கும்போது கொழுப்பை வெளியே எடுத்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. படிவு அங்கேயேதான் இருக்கும். பலூன் அதைச் சுவரோடு சேர்த்து நசுக்குகிறது, ஆங்காங்கே விரிசல் விடவைக்கிறது, குழாயையும் கொஞ்சம் இழுத்து அகலமாக்குகிறது.

அதாவது, இந்தச் சிகிச்சையே ரத்தக் குழாய்க்கு ஒரு காயம்தான். உடல் அந்தக் காயத்தை எப்படி ஆற்றுகிறது என்பதில்தான் மீதிக் கதை முழுக்க இருக்கிறது.

சமையலறையில் உருவான பலூன்

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், காலில் ரத்தம் ஓடாமல் அவதிப்பட்ட 82 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாக இந்த வழியை முயன்றார். காலை எடுக்க அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. மெல்லிய குழாய், அதன் மேல் இன்னும் தடித்த குழாய் என்று உள்ளே செலுத்தி அடைப்பை விரித்தார் டாட்டர். கால் பிழைத்தது.

ஆனால், தடித்த குழாயை இதயம் வரை கொண்டுபோக முடியாது. போகும்போது மெல்லியதாகவும், போய்ச் சேர்ந்த பிறகு பெரிதாகவும் ஆக வேண்டும். பலூன்தான் வழி. ஆனால் எந்தப் பலூன்?

ரப்பர் பலூனை ஊதினால் தடை இல்லாத பக்கம்தான் புடைக்கும். அடைப்பு அப்படியே இருக்க, இரண்டு பக்கமும் உள்ள நல்ல இடம் கிழிந்துவிடும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பணிபுரிந்த ஜெர்மானிய மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதற்கு விடை தேடினார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சமையலறையில் உட்கார்ந்து பலூன்களைச் செய்து பார்த்தார். கடைசியில் கைகொடுத்தது பிவிசி பிளாஸ்டிக். குறிப்பிட்ட அளவு வரை விரியும், அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பெரிதாகாமல் விறைப்பாக நிற்கும்.

1977 செப்டம்பர் 16 அன்று 38 வயது ஆண் ஒருவரின் இதய ரத்தக் குழாயில் அந்தப் பலூன் விரிந்தது. நெஞ்சைத் திறக்காமலே அடைப்பு விலகியது. 23 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது.

பலூன் உள்ளே எப்படிப் போகிறது?

இன்று பெரும்பாலும் மணிக்கட்டில் உள்ள ரத்தக் குழாய் வழியாகவே போகிறார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாயை இதயத்தின் வாசல் வரை கொண்டுபோகிறார்கள். இந்த நீளமான குழாய்தான் கதீட்டர். அதற்குள் 0.36 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கம்பி ஒன்று அடைப்பைத் தாண்டிப் போகும். அந்தக் கம்பியைத் தண்டவாளமாக வைத்துக்கொண்டு, பலூன் பொருத்திய இன்னொரு மெல்லிய கதீட்டர் நகரும்.

பலூன் அப்போது மடக்கிய குடை மாதிரி சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்ரேயில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய, அதில் பிளாட்டினம் கலந்த சின்ன வளையங்கள் அடையாளமாக இருக்கும்.

பலூனுக்குள் காற்று அடைப்பதில்லை. வெடித்தால் காற்று ரத்தத்தில் கலந்து ஆபத்தாகிவிடும். அதனால் உப்புநீரும் எக்ஸ்ரேயில் தெரியும் திரவமும் கலந்து செலுத்துகிறார்கள். அழுத்தம் 8 முதல் 20 அட்மாஸ்பியர் வரை போகும். கார் டயரில் இருப்பது சுமார் 2 தான். பலூன் விரிந்திருக்கும் அந்தச் சில நொடிகள் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அப்போது நோயாளிக்கு நெஞ்சு வலிக்கலாம். பலூனைச் சுருக்கியதும் வலி அடங்கிவிடும்.

அப்போ பலூன் மட்டும் போதாதா?

போதவில்லை. பலூனை எடுத்ததும் சில குழாய்கள் பழையபடி சுருங்கின. சிலருக்குக் கிழிந்த சுவர் உள்ளே மடிந்து அடைத்துக்கொண்டது, அவசரமாக பைபாஸ் செய்ய வேண்டி வந்தது. சுமார் மூன்றில் ஒருவருக்கு சில மாதங்களில் அதே இடம் மறுபடியும் குறுகியது. சுவரைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு முட்டு தேவைப்பட்டது.

1978-ல் குருன்ட்சிக்கின் உரையைக் கேட்ட அர்ஜென்டினா மருத்துவர் ஹூலியோ பால்மாஸுக்கு இந்த யோசனை வந்தது. அவருடைய கராஜில் வேலை செய்தவர் விட்டுப்போன உலோக வலைத் துண்டு ஒன்றுதான் வடிவத்தைக் காட்டிக்கொடுத்தது. மூடியிருக்கும்போது வெறும் கீறல்கள். இழுத்தால் ஒவ்வொரு கீறலும் வைர வடிவக் கண்ணாக விரியும், விரிந்தது விரிந்தபடியே நிற்கும்.

இதயத்தில் முதல் ஸ்டென்ட் 1986 மார்ச்சில் பிரான்சின் துலூஸ் நகரில் வைக்கப்பட்டது. அது தானாக விரியும் வேறு வகை. பால்மாஸின் கருத்தில் உருவான, பலூனால் விரியும் பால்மாஸ்–ஷாட்ஸ் ஸ்டென்ட்டுக்கு 1994-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

இதயத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று

"உள்ளே ஸ்பிரிங் வச்சிருக்காங்க" என்று பலர் சொல்வார்கள். இதயத்தில் வைப்பது பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லை. பலூன் விரிக்கும் அளவுக்கு விரிந்து அப்படியே நின்றுவிடும் உலோக வலை அது.

காலிலும் கழுத்திலும் வைப்பதைத்தான் ஸ்பிரிங் என்று சொல்லலாம். தொடை ரத்தக் குழாய் நடக்கும்போதும் உட்காரும்போதும் மடங்கும், முறுக்கும். கழுத்துக் குழாய் வெளியிலிருந்து அமுங்கும். இதயத்துக்கான வலையை அங்கே வைத்தால், ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். அதனால் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகத்தில் செய்கிறார்கள். அமுக்கினாலும் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

கம்பி மெலிதாக இருந்தால் என்ன லாபம்?

ஸ்டென்ட்டின் வலைக்கம்பி தடித்திருந்தால் காயம் அதிகம், ரத்த ஓட்டத்துக்கும் தடை அதிகம். 2001-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 140 மைக்ரான் கம்பி வைத்தவர்களில் சுமார் 26 சதவீதம் பேருக்கு மறுபடியும் அடைப்பு வந்தது. 50 மைக்ரான் கம்பி வைத்தவர்களில் அது 15 சதவீதம்தான்.

அப்படியென்றால் மெலிதாகவே செய்யலாமே? அவ்வளவு லேசு இல்லை. மெலிந்தால் தாங்கும் பலம் குறையும், எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பதிலாக இன்னும் உறுதியான கோபால்ட்–குரோமியம் கலவை வந்தது. இன்று புழக்கத்தில் உள்ள பல ஸ்டென்ட்களின் கம்பி 60 முதல் 80 மைக்ரான்தான். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்.

மருந்து பூசியது ஏன்?

கம்பி சுவரைத் தாங்கியது சரி. ஆனால் காயம் ஆறும்போது தழும்புத் திசு வளர்ந்து வலைக்குள்ளேயே அடைத்தது. மருந்து பூசாத ஸ்டென்ட்களின் பெரிய தலைவலி இதுதான்.

விடை ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து கிடைத்த சிரோலிமஸ் என்ற மருந்து, செல்கள் பெருகுவதைத் தடுக்கும். அதை ஸ்டென்ட்டின் மேல் பூசி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டார்கள். 2002-ல் வெளியான 238 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆறு மாதத்தில் மருந்து ஸ்டென்ட் வைத்த ஒருவருக்குக்கூட மறுபடியும் அடைப்பு வரவில்லை. சாதா ஸ்டென்ட் வைத்தவர்களில் 26 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்தது.

இப்போது அந்த மாத்திரைக் கேள்விக்கு வருவோம்

மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்று பார்க்கத் தெரியாது. தழும்பு வளர்வதைத் தடுக்கும் அதே மருந்து, கம்பியின் மேல் புதிய உள்தோல் மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. மூடாத உலோகத்தை ரத்தம் வேற்றுப் பொருளாகவே பார்க்கும். அதன் மேல் ரத்தம் உறையப் பார்க்கும்.

தழும்பால் வரும் அடைப்பு மெதுவாக வளரும். நடந்தால் நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். ரத்தம் உறைந்து வரும் அடைப்பு அப்படி இல்லை. நிமிடங்களில் குழாய் முழுவதும் மூடி மாரடைப்பு வரும், உயிரே போகலாம். 2006-ல் இந்த ஆபத்து உலக அளவில் பெரிய விவாதமானது. அதன் பிறகே பூச்சும் மருந்தும் கம்பியும் மாறி, இன்றைய ஸ்டென்ட்கள் முன்பைவிடப் பாதுகாப்பாக வந்தன.

கரைந்துபோகும் ஸ்டென்ட்டையும் முயன்று பார்த்தார்கள். அப்சார்ப் என்ற அந்த ஸ்டென்ட்டுக்கு 2016-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பிளாஸ்டிக் போன்ற பொருள் என்பதால் பலம் வேண்டி கம்பியை 150 மைக்ரான் அளவுக்குத் தடிப்பாக்க வேண்டியிருந்தது. அதில் ரத்தம் உறைவது அதிகமானது. 2017-ல் விற்பனையே நிறுத்தப்பட்டது.

ஆக, உள்தோல் மூடும் வரை உலோகத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே நிற்பது அந்த மாத்திரைகள்தான். ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல், டைகாக்ரலார், பிரசுக்ரெல் இவற்றில் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக 12 மாதம், மற்றவர்களுக்கு 6 மாதம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு இந்தக் காலத்தை மருத்துவர் குறைக்கலாம். அதன் பிறகும் ஒரு மாத்திரை தொடரும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

* பல் பிடுங்குவதோ வேறு ஆபரேஷனோ இருந்தால், மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.

* மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

* எந்த ஸ்டென்ட், என்ன அளவு, எந்தத் தேதி என்ற விவர அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

* ஸ்டென்ட் விலைக்கு இந்தியாவில் 2017 பிப்ரவரி முதல் அரசு உச்சவரம்பு உள்ளது. அப்போது மருந்து ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பிறகு அவ்வப்போது மாறிவருகிறது. பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகப் பாருங்கள்.

* சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் இவற்றைக் கட்டுக்குள் கொண்டுவராவிட்டால் வேறு இடத்தில் அடைப்பு வரும். ஸ்டென்ட் திறந்து வைப்பது ஒரு சில சென்டிமீட்டர் தூரத்தை மட்டும்தான்.

நெஞ்சு வலி போய்விட்டது என்பதால் உள்ளே காயம் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. அது எப்போது ஆறும் என்பதை உணர்ந்து சொல்ல நோயாளியால் முடியாது. அதனால் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.