தவணையில் வந்த வெளிச்சம்

மின்கம்பி எட்டாத கிராமங்களுக்குச் சூரிய மின்சாரத்தை வீடு வீடாகக் கொண்டுசென்றதில் வங்கதேசத்தின் அனுபவம் மிகப் பெரியது. ஆறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும் அந்த நாட்டில், ஆற்றிடை மணல்திட்டுகளிலும் கடலோரத் தீவுகளிலும் கம்பம் நட்டு மின்சாரம் தருவது பெருஞ்செலவு. இரவானால் மண்ணெண்ணெய் விளக்குதான் கதி என்றிருந்தது. அதன் புகையைச் சுவாசித்தபடியேதான் பிள்ளைகள் படித்தார்கள்.

1996-இல் தொடங்கிய கிராமீன் சக்தி நிறுவனம் சோலார் பேனல்களைக் கிராமங்களில் விற்கத் தொடங்கியது. 2003-இல் உலக வங்கி முதலானவற்றின் உதவியோடு, அரசு நிதி நிறுவனமான இட்கால் இதைப் பெருந்திட்டமாக்கியது.

கூரைமேல் சிறு பேனல், வீட்டுக்குள் பேட்டரி, இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. பேட்டரியில் அளவுக்கு மீறி மின்சாரம் ஏறாமலும், இருப்பது அடியோடு தீர்ந்துபோகாமலும் அந்தக் கருவி பார்த்துக்கொள்ளும். சில விளக்குகள் எரியும், செல்போனுக்கு சார்ஜ் ஏறும். பேனல் சற்றுப் பெரிதானால் சிறிய டி.வி.யும் ஓடும். எல்லாம் நேர்மின்னோட்டத்திலேயே இயங்குவதால் இன்வெர்ட்டர் வேண்டியதில்லை. எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் இன்னும் சிறிய, விலை குறைந்த பேனலே போதுமானதாயிற்று.

ஆனால் ஏழை வீட்டில் விளக்கு எரிந்ததற்குப் பேனலைவிட முக்கியமான காரணம், பணம் கட்டும் முறை. விலையில் ஒரு சிறு பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மீதியை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதத் தவணையாகக் கட்ட முடிந்தது. மண்ணெண்ணெய்க்குச் செலவான காசு தவணைக்கு உதவியது. விற்ற நிறுவனத்தின் ஆளே தவணை வாங்க வருவார், பேட்டரியையும் பார்ப்பார். விளக்கு எரியாவிட்டால் தவணை வராது. அதனால் பழுதுபார்ப்பது நிறுவனத்தின் சொந்த அக்கறையாயிற்று. கிராமத்துப் பெண்கள் பலரும் இதற்கான தொழில்நுட்பப் பயிற்சி பெற்றார்கள்.

40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் இந்தப் பேனல்கள் பொருத்தப்பட்டன; சுமார் 2 கோடிப் பேர் பயனடைந்தார்கள். பின்னர் அரசின் மின்கம்பிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஊர்களுக்குள் வந்தன. இன்னொரு பக்கம் இலவசப் பேனல்களும் வழங்கப்பட்டன. விற்பனை சரிந்தது, பலர் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள், நிறுவனங்கள் தள்ளாடின. சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும் ஈய பேட்டரிகளை முறையாக மறுசுழற்சி செய்யாவிட்டால் மண்ணும் குழந்தைகளின் உடலும் நஞ்சாகும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் சுமார் 60 கோடிப் பேர் இன்னும் மின்சாரமின்றி வாழ்கிறார்கள். வங்கதேசத்தில் கிடைத்த பாடத்தின்படி, அங்கே பேனல் கொண்டுசெல்லும் அரசுகளும் நிறுவனங்களும் பழுதுபார்க்கும் ஆளுக்கும் பழைய பேட்டரிக்கும் முதல் நாளே வழி செய்துவிட வேண்டும்.