பனி உறையாத ஊரில் ஒலிக்கும் பனி எச்சரிக்கை

வெளிக்காற்றின் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் 'டிங்' என்று ஒரு முறை ஒலித்து, டாஷ்போர்டில் ஆறு முனைகள் கொண்ட பனித்துகள் படத்தைக் காட்டும் ஏற்பாடு இன்று பல கார்களில் இருக்கிறது. சில கார்களில் இந்த வரம்பு 3 டிகிரி. தண்ணீர் 0 டிகிரியில்தான் உறையும் என்றாலும் எச்சரிக்கை முன்கூட்டியே வருவதற்குக் காரணம் உண்டு. சென்சார் அளப்பது காற்றின் வெப்பநிலையை. டயர் உருள்வதோ தார்ச்சாலையின் மேல். மேகமில்லாத இரவில் சாலைப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, மேலே உள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அடியில் மண் இல்லாத பாலங்கள் அதற்கும் முன்பே உறைந்துவிடும். காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே சாலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படலம் படிந்திருக்கக்கூடும். சுவீடனிலோ ஜெர்மனியிலோ குளிர்கால அதிகாலையில் வண்டி எடுப்பவருக்கு இந்த ஒலி உயிர்காக்கும் ஒலி.

அதே ஏற்பாட்டோடு அந்தக் கார் தேனிக்கும் வருகிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்குக்குள்ளேயே ஓடும் கார், மார்கழி விடியற்காலையிலும் 4 டிகிரியைச் சந்திக்கப் போவதில்லை. ஆகவே பள்ளத்தாக்கில் இந்த ஒலி கேட்டால் குளிர் காரணமாக இருக்க முடியாது. பெரும்பாலும் சென்சாரோ அதன் ஒயரோ பழுதாகியிருக்கும்.

வெளிக்காற்றை அளக்கும் இந்தச் சென்சார் விரல் நுனி அளவே இருக்கும். முன் பம்பருக்குப் பின்னாலோ பக்கக் கண்ணாடியின் அடியிலோ பொருத்தியிருப்பார்கள். குளிர் கூடக்கூட அதன் மின்தடை கூடும். காரின் கணினி அந்தத் தடையை டிகிரியாக மாற்றிக் காட்டும். பம்பர் எங்காவது இடித்து ஒயர் அறுந்தாலோ, இணைப்பில் தண்ணீர் இறங்கி அரித்தாலோ, தடை எல்லையின்றி உயர்ந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் தேனி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிற்கும் காரின் திரையில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டுவது இப்படித்தான். இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்து வரும். பல கார்களில் வெளியே கடுங்குளிர் என்று தெரிந்தால் ஏ.சி. கம்ப்ரசர் ஓடாதபடி கணினி தடுத்துவிடும். கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்து கேஸ் நிரப்பச் சொல்பவர்கள் உண்டு. திரையில் வெளி வெப்பநிலை என்ன காட்டுகிறது என்று முதலில் பார்த்தாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

இந்த ஒலி உண்மையிலேயே பொருந்தும் இடம் மேற்கே மலைக்கு மேல் இருக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. 1,000 மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. போடியில் 20 டிகிரி என்றால் மெட்டில் 13, 14 இருக்கும். ஸ்வெட்டர் போட வைக்கும் குளிர்தான். ஆனால் கார் வாய் திறக்காது. பூப்பாறை, தேவிகுளம் தாண்டி மூணாறு போய், டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ விடியும் முன் வண்டி எடுத்தால்தான் அது ஒலிக்கும். இரவில் கனத்த குளிர்காற்று சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. செண்டுவரை, சைலன்ட் வேலி போன்ற எஸ்டேட் பகுதிகளில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதும், வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போவதும் அப்படித்தான். மேட்டில் ஏறும்போது திரையில் எண் கூடி, பள்ளத்தில் இறங்கும்போது குறைவது தேங்கிய இந்தக் குளிரால்தான். வடக்கே கொடைக்கானலில் ஏரியை ஒட்டிய தாழ்வான பகுதிகளிலும் இதே கதை. சின்னமனூரிலிருந்து ஏறும் மேகமலையில் குளிர் உண்டு, ஆனால் இந்த ஒலிக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.

மூணாறிலும் உறைவது பெரும்பாலும் புல்லும் தேயிலைக் கொழுந்தும் கார்க் கண்ணாடியும்தான். குளிர்நாடுகளைப் போலன்றி இங்கே தார்ச்சாலை பகல் வெயிலை உள்வாங்கி வைத்திருப்பதால், சக்கரம் வழுக்கும் அளவுக்கு ஐஸ் பிடிப்பது அரிது. எச்சரிக்கை பொய்யல்ல, ஆனால் அது சொல்லும் ஆபத்து இந்த வட்டாரத்தின் முதல் ஆபத்தும் அல்ல. கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் பனி எச்சரிக்கை தனியாக ஒலிப்பதில்லை. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் சீட் பெல்ட் நினைவூட்டல், ரிவர்ஸ் சென்சார், வேக எச்சரிக்கை ஆகிய மூன்றும் கட்டாயம். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும். கதவு, ஹேண்ட் பிரேக், டீசல் குறைவு என்று மற்றவையும் உண்டு. ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி 'டிங்'. காரணமில்லாமல் பலமுறை கேட்ட ஒலியை மனம் தானாகவே ஒதுக்கிவிடும். மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் விமானி அறைகளிலும் நெடுங்காலமாக அறியப்பட்ட சிக்கல் இது. எது எதற்கான ஒலி என்று பிரித்தறியாத காது, கேட்க வேண்டியதையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது.

ஓட்டுபவர்கள் காதில் தள்ளுவதோடு நிற்பதில்லை, ஒலியின் வாயை அடைக்கவும் செய்கிறார்கள். பெல்ட் போடாமலேயே போட்டதாகக் காரை நம்பவைக்கும் கிளிப்புகள் விற்பனைக்கு வந்தது இப்படித்தான். 2023 மே மாதத்தில் மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு அவற்றை இணைய விற்பனையிலிருந்து நீக்க உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. ஒரு ஒலியின் மேல் வந்த எரிச்சல், சீட் பெல்ட்டையே கழற்றிப் போடும் அளவுக்குப் போயிருக்கிறது. எச்சரிக்கை தேவையில்லாமல் வந்தாலும் நட்டமில்லை, வராமல் இருப்பதுதான் நட்டம் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஐஸ் பிடிக்கும் நாடுகளில் அந்த வாதம் நிற்கும்.

இங்கே நிற்காததற்குக் காரணம் இறக்கம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைச்சாலைகளிலும் ஆளைக் கொல்லக்கூடியவை தொடர் இறக்கமும் மூடுபனியும் வளைவுகளும். சபரிமலை சீசனும் இந்தக் குளிர்காலத்தில்தான் வருகிறது. நெரிசல் நாட்களில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கிவிடுவார்கள்; பல ஊர் வண்டிகள், பழக்கமில்லாத சாலை, தூக்கமில்லாத இரவு. 2022 டிசம்பர் 23 இரவு, குமுளி மலைச்சாலையில் கார் ஒன்று பள்ளத்தில் விழுந்து ஆண்டிபட்டிப் பகுதியைச் சேர்ந்த ஐயப்ப பக்தர்கள் 8 பேர் இறந்தார்கள். அந்தச் சாலையில் ஐஸ் உறைவதே இல்லை.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கும் பேடும் சூடேறும். சூடு பிரேக் ஆயிலுக்கும் இறங்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழையதான பிறகு அந்த அளவு 155 டிகிரி. ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இந்தச் சூட்டைச் சொல்லும் ஒலி சாதாரணக் கார்கள் எதிலும் கிடையாது. கருகல் வாடைதான் அறிகுறி. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்வது, பிரேக்கின் வேலையில் பாதியை எஞ்சினிடம் கொடுப்பதற்காகத்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது அதற்கு நேர் எதிரான பழக்கம்.

விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு மலையேறும் பழைய ஜீப்புகளில் இந்த ஒலிகளில் ஒன்றுகூடக் கிடையாது. அதே மலைச்சாலைகளில் நிறையப் பேரைச் சுமந்து அன்றாடம் இறங்குபவை அவை.

காரில் பனி எச்சரிக்கை இருப்பவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சில கார்களின் செட்டிங்ஸ் மெனுவில் இதன் ஒலியை மட்டும் தனியாக நிறுத்தலாம். திரையில் படம் மட்டும் வரும். அந்த வசதி இல்லாத காரில் மற்ற ஒலிகளையும் சேர்த்து அடைக்க ஒயரில் கை வைக்கக் கூடாது. புதுக் கார் வாங்கும் நாளிலேயே ஒவ்வொரு ஒலியையும் வரவழைத்துக் காட்டச் சொல்லிக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பழைய கார் வாங்குபவர்கள் டாஷ்போர்டில் காட்டும் வெளி வெப்பநிலையை, நிழலில் நிறுத்திச் சிறிது தூரம் ஓட்டிய பிறகு சரிபார்த்துக்கொள்வது நல்லது. வெயிலில் நின்ற வண்டியின் சென்சார் வெயிலின் சூட்டையும் எஞ்சின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். மூணாறுக்கோ சபரிமலைக்கோ கிளம்பும் முன் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு ஆகிவிட்டதா என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான கார்கள் அதை ஒலித்துச் சொல்லாது.